வாடகைக்கு வீடு பார்த்தவள்

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அவள் இன்னும் திருவண்ணாமலையில்தான் இருக்கிறாள். வேங்கிக்காலில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு வாரப் பத்திரிகைகள் வருகின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் சத்தமாகப் படிப்பதும் உண்டு. பெயர் தெரிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது அவளுக்குப் பிடிக்காது.

அவளுக்குப் பிடித்தது, தன்னை யாருக்கும் தெரியாத ஊரில் நடப்பது.

வேலைக்கான பரீட்சைகளுக்கு விண்ணப்பம் போடும்போது, எந்த ஊரில் எழுத விருப்பம் என்று ஒரு கட்டம் இருக்கும். நாங்கள் எல்லோரும் வேலூர் என்று எழுதுவோம். வேலூர் இல்லாவிட்டால் சென்னை. அவள் மட்டும் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்து, எது தூரமோ அதை எழுதுவாள். மதுரை, கோயம்புத்தூர், பெங்களூர், ஒருமுறை திருவனந்தபுரம்.

“எதுக்குடி அவ்ளோ தூரம்?” என்று கேட்டேன்.

“பக்கத்துல போட்டா எல்லாரும் அங்கதான் வந்து எழுதுவாங்க. போட்டி ஜாஸ்தி. தூரத்துல போட்டா கம்மி.”

எந்த ஊரில் எழுதினாலும் கேள்வித்தாள் ஒன்றுதான், மதிப்பெண் பட்டியலும் ஒன்றுதான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தேரடித் தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த அவள் அப்பா அதை நம்பினார். சில மாதங்கள் நானும் நம்பினேன்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையில்தான் அவளைப் பார்த்தேன். பி.காம். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மாவுக்கு அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரமாகக் கற்பூரக் கடை. அந்தக் காகிதம் எங்கள் மூன்று பேருக்கும் சொந்தமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

“அத லேமினேட் பண்ணிடாத. பின்பக்கம் சீல் வைக்கணும்னு சொல்லுவாங்க, அப்ப பிளேடு வச்சுக் கிழிக்கணும்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே” என்றேன்.

“கேக்க மாட்டன்னு பாத்தாலே தெரியுது. அதான் சொன்னேன்.”

அவள் சொன்னதைக் கேட்டு நான் சான்றிதழை லேமினேட் செய்யவில்லை. அந்த வரிசையில் நின்ற வேறு யாருக்கும் அவள் எதையும் சொல்லவில்லை என்பதைப் பிறகு நினைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் பரீட்சைகளுக்கு அவள் அப்பாவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கடையை அடிக்கடி பூட்ட முடியாமல், “கூட ஒரு பொண்ணு வந்தா போ, தனியா வேணாம்” என்று சொல்லிவிட்டார். அவளுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. வரிசையில் இருந்தவர்களிலேயே எல்லாப் பரீட்சையும் எழுதியே தீருவேன் என்ற முகத்தோடு நின்றவள் நான்தான்.

பேருந்தில் நான் பொது அறிவுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வேன். அவள் படிக்க மாட்டாள். சன்னலோரத்தை எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. போய்ச் சேர்ந்ததும் ஓட்டலில் நுழைந்து, “இந்த ஊர்ல இன்னா நல்லா இருக்கும்?” என்று பரிமாறுகிறவரிடம் கேட்டு அதைச் சாப்பிடுவாள். பரீட்சை அறையில் நேரம் முடிவதற்கு அரைமணி முன்பே எழுந்து வந்துவிடுவாள். இத்தனைக்கும் மதிப்பெண்ணில் என்னைவிட அவள் எப்போதும் மேலேதான் இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய உண்மையான வேலை ஆரம்பமாகும்.

பெங்களூரில் நடந்ததைச் சொல்கிறேன். பரீட்சை முடிந்து வெளியே வந்தோம். ஊர் திரும்பும் பேருந்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அவள் என்னைக் கடைவீதிக்குக் கூட்டிப்போகவில்லை. மரங்கள் அடர்ந்த ஒரு தெருவுக்குள் திரும்பி, வீட்டுக் கதவுகளையும் கம்பிக் கேட்டுகளையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு கேட்டில் வீடு வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. அழைப்பு மணியை அழுத்திவிட்டாள்.

தமிழ் பேசும் அம்மாள் ஒருவர் வந்தார். மாடியில் ஓர் அறை, சிறிய சமையல் மேடை, குளியலறை. அவள் உள்ளே போனதும் முதலில் குழாயைத் திறந்து தண்ணீருக்குக் கீழே கையை நீட்டினாள். சமையல் மேடையின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தாள். சன்னலைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள்.

“ஸ்டவ்வ இந்தப் பக்கம் வைக்கலாம் இல்ல? காத்து அடிக்காது” என்று என்னைக் கேட்டாள்.

அந்த அம்மாள், “எத்தனை பேரும்மா?” என்றார்.

“நான் ஒருத்திதாங்க.”

எத்தனையோ இன்டர்வியூக்களில் எத்தனையோ கேள்விகளுக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தப் பதிலை அவள் சொன்னபோது வந்த முகத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. ஏதோ பெரிய பட்டத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

“ஒருத்தியா? கல்யாணம் ஆகலையா?”

“வேலை கெடச்சிருக்குங்க. அடுத்த மாசம் சேரணும்.”

அந்த அம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்தார். தண்ணீர் விடியற்காலையில் வரும், மொட்டை மாடியில் துணி காயப்போடலாம், கீழே ஒரு கல்லூரி ஆசிரியை இருக்கிறாள் என்றெல்லாம் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, “அடுத்த வாரம் சொல்றேங்க” என்று விடைபெற்றாள்.

தெருவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். “ஏன்டி இப்படிப் பொய் சொல்ற? பாவம், அந்தம்மா உனக்காக ரூம விடாம வச்சிருப்பாங்க.”

“வச்சிருந்தா என்ன? எனக்காக ஒரு ரூமு ஒரு வாரம் காலியா இருக்குமே.”

“பைத்தியமா நீ?”

“நீ பரீட்ச எழுத வர. நான் இதுக்கு வரேன். உன்னுது நியாயம், என்னுது பைத்தியமா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்துப் போன ஊர்களிலும் அவள் வீடு பார்த்தாள். நான் தெருமுனையில் நின்றுகொள்வேன்.

அன்று பெங்களூரிலிருந்து செங்கம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது அவள் இன்னொன்றும் சொன்னாள். நாங்கள் பழகுவதற்கு முன்பே அவளுக்குத் திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் அப்பா அனுப்பவில்லை. “தனியா ரூம் எடுத்துத் தங்கறதா? நம்ம வீட்ல அந்தப் பழக்கம் இல்ல. உள்ளூர்ல கெடச்சா சேரு. வேலைக்குப் போற பொண்ணுன்னா மாப்பிள்ளையும் நல்ல எடமா வரும்” என்றாராம். கோபப்படவில்லை. கையை ஓங்கவில்லை. நல்ல மனிதர். அவரை எதிர்த்து எதைச் சொல்வது என்றே தெரியவில்லை என்றாள்.

“அதனால உள்ளூர்ல மட்டும் கெடைக்கவே கூடாதுன்னு மலையைப் பாத்து கும்பிட்டுக்குவேன்” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா அமாவாசைதோறும் வெறுங்காலோடு அதே மலையைச் சுற்றி வருவாள், எனக்கு உள்ளூரில் ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று.

மற்றவர்களுக்குச் சொல்லித்தருவதில் அவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. “இன்டர்வியூல மேஜை மேல தண்ணி இருந்தா, கேட்டு வாங்கிக் குடி. தாகம் இல்லன்னாலும் குடி. கேக்கத் தெரிஞ்ச பொண்ணுன்னு அவங்களுக்குத் தெரியணும்” என்பாள். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ஆனா அவசரமா சொல்லாத, மெதுவா சொல்லு.” “புதுச் செருப்பு போட்டுக்கிட்டுப் போகாத. கால் கடிச்சா முகத்துல தெரியும்.” அவளிடம் கேட்டுவிட்டுப் போன இரண்டு பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஒருத்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரிய வாழைத்தாரோடு நன்றி சொல்ல வந்தாள். எங்களுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. எங்கள் தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே அம்மா கடையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். “இன்னாமா, ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

தொண்ணூற்றேழில் ஒருநாள் அவள் என்னை அவசரமாக வரச்சொன்னாள். போனேன். கதவைச் சாத்திவிட்டு, அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் இருவரும் எழுதிய அரசுப் பரீட்சை. நான் தேறவில்லை. அவளுக்குப் பணி நியமன ஆணை. இடம் வேங்கிக்கால். அவள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம்.

“தமிழ்நாட்டுல எந்த மூலையில வேணா போடுவாங்கன்னுதான் எழுதினேன். வேங்கிக்கால்ல போட்டிருக்காங்க பாரு” என்றாள்.

பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். நான்கு நாள் ஏற்கெனவே போயிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். அம்மா கேட்டதற்குப் பரீட்சைச் சீட்டு என்று சொல்லியிருக்கிறாள். பிறகு இன்னொரு கடிதத்தைக் காட்டினாள். ஐதராபாத்தில் ஒரு கம்பெனி, கணக்குப் பிரிவு, நேர்முகத் தேர்வு. அடுத்த மாதம்.

“இது எனக்குக் கெடைக்கும். தெரியுது எனக்கு. இந்தத் தடவை அப்பாவைக் கேக்கப் போறதில்ல. போய்ச் சேந்துட்டுதான் லெட்டர் போடுவேன். நீ இன்டர்வியூ வரைக்கும் கூட வா. அது போதும்.”

“அப்ப இது?” என்றேன், வேங்கிக்கால் ஆணையைக் காட்டி.

“நாள் முடிஞ்சா தானா செல்லாம போயிடும்.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய். நான் அந்த இடத்துக்காக இரண்டு வருடம் படித்தேன். என் அம்மா நடந்தாள். இவள் அதைத் துணிக்கு அடியில் வைத்துச் செல்லாமல் போகச் செய்கிறாள். வேலை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாதவள் என்று நினைத்தேன். அவள் எதைக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது கேட்கக்கூடிய ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. தனியாக ஓர் அறை என்பதையெல்லாம் எங்கள் வீட்டில் ஆசை என்று சொல்ல மாட்டார்கள். மூன்று பேரும் ஒரே அறையில் படுத்துத்தான் நான் பட்டம் வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்து, பௌர்ணமி விற்பனைக்காக அம்மா கடைக்கு மொத்தமாகக் கற்பூரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். பாத்திரக் கடையைத் தாண்டும்போது அவள் அப்பா கூப்பிட்டார்.

“இன்னாமா, நிக்காம போற? உங்க ரெண்டு பேருக்கும் எப்பதான்மா விடியும்? ஊர் ஊரா போறீங்க, வெறுங்கையா வரீங்க. பஸ்ஸுக்காரன்தான் பொழைக்கிறான்.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது கேலியாகக் கேட்கவில்லை.

“அவளுக்கு விடிஞ்சிடுச்சுங்க” என்றேன். “ஆர்டர் வந்துடுச்சு. வேங்கிக்கால்லயே. உங்ககிட்ட சொல்லலையா?”

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது நான் செய்தது சரி என்றே தோன்றியது. கண் கலங்கிவிட்டார். நாற்காலியைத் துடைத்து என்னை உட்காரச் சொன்னார். அதுவரை அந்தக் கடையில் நான் நின்றுதான் பேசியிருக்கிறேன். உட்கார்ந்து, சேர வேண்டிய கடைசி நாளையும் சொன்னேன். எழுந்து வரும்போதுதான் பயம் வந்தது.

“நான் சொன்னேன்னு சொல்லாதீங்கப்பா. அவ ஏதோ யோசனைல இருக்கா.”

“சொல்லுவேனா? தபால்காரர் சொன்னாருன்னு சொல்லிக்கிறேன். நீ நல்லா இரும்மா” என்றார்.

சொன்னதைக் காப்பாற்றினார். நான்காவது நாள் அவரே அவளை வேங்கிக்காலுக்குக் கூட்டிப்போய், அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு வந்தார்.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. “தபால்காரர் சொல்லிட்டாராம்” என்று மட்டும் சொன்னாள். மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு அவள் அலுவலகத்துக்குப் போனேன். வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நிழல் இருந்தது. அங்கே நின்றபடி இருவரும் சாப்பிட்டோம். வேலை எப்படி என்றேன். நன்றாக இருக்கிறது, எல்லோரும் நல்லவர்கள், கோப்புகளை வரிசைப்படுத்தி வைத்ததற்கு மேலதிகாரி பாராட்டினார் என்றாள். டப்பாவை மூடிக்கொண்டே, “இன்னைக்குப் பத்து மணிக்கு ஐதராபாத்ல என் பேரைக் கூப்பிட்டிருப்பாங்க” என்றாள்.

“ஒரு தடவைதான் கூப்பிடுவாங்களா, ரெண்டு தடவை கூப்பிடுவாங்களா?” என்றும் கேட்டாள்.

ஆறு மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அதே கடைத்தெருவில் மருந்துக் கடை. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அவள் அப்பா சொன்னபடியே நல்ல இடம்தான். கல்யாணத்தன்று மேடையில் ஏறிப் பரிசைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, இறங்கி வந்தேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க நான் போகவில்லை. இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போட்டேன். தேரடித் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனேன்.

அடுத்த வருடம் எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூவில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். தணிக்கைப் பிரிவு. தலைமையிடம் சேலம். மாதத்தில் இருபது நாள் வெளியூர். அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்: “என் பொண்ணு கணக்கு சரியில்லன்னா ஆபீசருங்களே எழுந்து நிப்பாங்க.” அது உண்மைதான். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அலுவலகம் முடிந்த பிறகு ஒவ்வொரு ஊரிலும் எனக்கு என்ன செய்வது என்று தெரிவதில்லை. விடுதியில், “தனியாவா வந்திருக்கீங்க? கூட யாரும் இல்லையா?” என்று கேட்பார்கள். அடையாள அட்டையைக் காட்டுவேன். அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, மறுநாள் பார்க்க வேண்டிய பதிவேடுகளின் பட்டியலை எழுதுவேன். இந்த வேலை அவளுக்குக் கிடைத்திருந்தால், ஒவ்வொரு சாயங்காலமும் எந்தத் தெருவில் திரியலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

போன வருடம் திருவண்ணாமலைக்குத் தணிக்கை வந்தது. நான்கு அலுவலகங்கள். பட்டியலில் அவளுடையதும் இருந்தது. அதை வேறொருவருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள்.

அவள் பிரிவின் பதிவேடுகளில் ஒரு பிழைகூட இல்லை. மூன்று நாளும் என்னை “மேடம்” என்றாள். தேவையான கோப்பைக் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தாள். தலையில் இரண்டு மூன்று நரை. அவளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், “இவங்களுக்குச் சென்னை டிரெய்னிங் நாலு தடவை வந்துச்சு மேடம். நாலையும் எங்களுக்கே விட்டுக்குடுத்துட்டாங்க. தங்கமானவங்க” என்றார். அவள் தலை நிமிரவில்லை.

கடைசி நாள் மாலை, நான் வந்து போனதற்கான சான்றிதழை அவள் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“பொறப்படற நேரம் அஞ்சே முக்கால்னு எழுதிட்டேன் மேடம். இப்ப அஞ்சு இருபதுதான் ஆவுது” என்றாள். “அதுவரைக்கும் உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் அந்தக் காகிதம் இருந்தது.

“உங்கப்பாகிட்ட ஆர்டர் வந்தத சொன்னது நான்தான்” என்றேன்.

“தெரியும்.”

“தபால்காரர் சொன்னாருன்னு…”

“கவருக்குள்ள இன்னா இருக்குன்னு தபால்காரருக்கு எப்படிடி தெரியும்? நான் உன்கிட்ட ஒருத்திகிட்டதான சொன்னேன்.”

எட்டு வருடமாக எனக்கு அது தோன்றவேயில்லை. கணக்கில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில்.

“அப்ப அன்னைக்கே தெரியுமா? நான் சோறு கட்டிக்கிட்டு வந்தன்னைக்கு?”

“அன்னைக்குத் தெரியும்.”

“ஏன் கேக்கல? திட்டியாவது இருக்கலாம் இல்ல?”

அவள் காகிதத்தை எடுத்து முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். “கேட்டா நீ அழுவ. மறுபடி என் முகத்தைப் பாக்க வெக்கப்பட்டுக்கிட்டு வராமப் போயிடுவ. இந்த ஊர்ல எனக்குப் பேச நீ ஒருத்திதான இருந்த? அதனாலதான் கேக்கல” என்றாள்.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு அந்த அறை முழுவதும் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. ஐந்தே முக்கால் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். சான்றிதழை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“கிளம்புங்க மேடம். சேலம் பஸ்ஸுல இப்ப போனாதான் உக்கார எடம் இருக்கும்.”